பாய்ஜான் ஜேப்பில் ஒரு சி.டி.

பன்னிரண்டு இருபது இருக்கும். பாய்ஜான் வெள்ளை ஜிப்பாவில் அத்தர் தொட்டுக்கொண்டு வந்து, ஆறாம் நம்பர் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்து பொத்தானை அழுத்தினார். டிரைவ் வாயைத் திறந்தது. உள்ளே இருந்த கேம் சி.டி.யை இரண்டு விரலால் ஓரம் பிடித்து எடுத்தார். உறையில் போட்டார். உறையை ஜிப்பாவின் பக்கவாட்டு ஜேப்பில் இறக்கி, மேலே ஒரு தட்டு தட்டினார்.

"கடைய பாத்துக்கோ. ரெண்டு மணிக்கு வந்துர்றேன்."

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்.

உள்ளே நானும் என் தோழி செல்வியும் மட்டும். அவள் அந்தக் காலி டிரைவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி இது? உங்கண்ணன் சி.டி.யையும் தொழுகைக்குக் கூட்டினு போறாரு?"

வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்று சிரிப்பு வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

அரக்கோணத்து வாசகருக்கு

சென்ற வாரம் இந்தத் தொடரில் 'கேம் சென்டர்' என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அதற்கே அரக்கோணத்திலிருந்து ஒரு வாசகருக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. "பெண்பிள்ளைகள் கடையில் உட்கார்ந்து கேம் விளையாடியதெல்லாம் ஒரு நினைவா? அதுவும் காப்பி அடித்த கேமாக இருக்கும்" என்று எழுதியிருக்கிறார்.

ஐயா, நினைவுதான். காப்பிதான். எப்படி எடுத்தேன் என்பதையும் இந்த வாரம் சொல்லப் போகிறேன். வசதியாக உட்கார்ந்து படியுங்கள்.

வெள்ளிக்கிழமைக் காவல்

பாய்ஜான் என்பது என் பெரிய அண்ணன். எங்கள் வீட்டில் உருது. சண்டை மட்டும் உருதில் ஆரம்பித்துத் தமிழில் முடியும், அக்கம்பக்கத்தாருக்கும் புரிய வேண்டும் அல்லவா.

ஆம்பூரில் எங்கள் பக்கத்துத் தோல் கம்பெனிகளுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. அன்று தோல் ஊறும் டிரம்கள் சுற்றாது. வாரம் முழுக்க மூக்கில் ஏறி உட்கார்ந்திருக்கும் சுண்ணாம்பு வாடை அன்று கொஞ்சம் இறங்கும். அதற்குப் பதிலாகத் தெருவெல்லாம் அத்தரும் தம் பிரியாணியும் மணக்கும். ஜும்மா நேரம் வந்தால் ஆண்கள் அத்தனை பேரும் பள்ளிவாசலில். கடைத்தெருவில் பூனை நடந்தால்கூடச் சத்தம் கேட்கும்.

பாய்ஜானின் கேம் சென்டரில் ஆறு கம்ப்யூட்டர். கடைக்குப் பின்னால் வீடு. நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு, வேலைக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று வீட்டார் கூடிக் கூடிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். அதனால் வெள்ளிக்கிழமைக் காவல் என் தலையில் விழுந்தது. அவர் திரும்பி வந்ததும் நான் உள்ளே போய் மதிய லுஹர் தொழுதுகொள்வேன்.

அந்த ஆறு கம்ப்யூட்டரிலும் எல்லாவற்றையும் ஏற்றியது நான். பழுதானால் பிரித்துப் போட்டுச் சரி செய்வதும் நான். ஆனால் மற்ற ஆறு நாளும் அந்த நாற்காலிகளில் நான் உட்கார்ந்ததில்லை. எந்தப் பெண்ணும் உட்கார்ந்ததில்லை. கூடாது என்று யாரும் போர்டு எழுதி மாட்டவில்லை. அப்படி எழுத வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றியிருக்காது.

செல்வி என்னோடு பள்ளியில் படித்தவள். மாதனூர் பக்கத்துக் கிராமம். தோல் கம்பெனியில் பினிஷிங் பிரிவில் வேலை. கலர் அடித்த தோல் கன்வேயரில் நகர்ந்து வரும், மடிப்பு விழாமல் இழுத்து விரித்துவிட வேண்டும். ஒரு தோலுக்கு ஒரு மூச்சு நேரம்தான். நாள் முழுக்க நின்றபடி அதே வேலை. வெள்ளிக்கிழமை லீவில் பஸ் பிடித்து என்னைப் பார்க்க வருவாள். விரல் இடுக்கில் பிரவுன் கலர் போயிருக்காது.

முதல் வெள்ளிக்கிழமை விளையாட்டாகத்தான் அவளை ஆறாம் நம்பரில் உட்காரவைத்தேன். மலைப்பாதையில் கார் ஓட்டும் பந்தயம். வளைவுக்கு மேல் வளைவு.

"ஏலகிரி பஸ் டிரைவருங்கல்லாம் இதை ஒரு கையால ஓட்டுவாங்க" என்றாள்.

மூன்றாவது வாரம் அவளும் ஒரு கையால் ஓட்டினாள். ஒவ்வொரு வளைவிலும் அந்தக் கை சரியான நேரத்தில் சரியான அளவு இழுத்தது. கன்வேயரில் பழகிய கை. ஓட்டம் முடிந்ததும் திரையில் முதல் ஐந்து பெயர்களின் பட்டியல் வந்தது. அதில் முதலிடத்தில் ஆங்கிலத்தில் 'செல்வி' என்று அடித்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். அந்த முகத்தை நான் மறக்கவே மாட்டேன். அவ்வளவு நாளும் நின்றுகொண்டே இருந்த பெண் அது.

பட்டியலில் ஒரு பெண் பெயர்

மறுநாள் கடையில் ரகளை. தினமும் வரும் பையன்கள், பட்டியலைப் பார்த்துவிட்டு பாய்ஜானைக் குடைந்து எடுத்துவிட்டார்கள்.

"யாரு பாய் செல்வி? பொம்பளைங்களுக்கும் கடைய உட்டுட்டீங்களா?"

அன்று மாலையே பட்டியல் துடைக்கப்பட்டது. அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து சி.டி. ஜேப்பில் போகத் தொடங்கியது. அந்த கேமுக்கு டிரைவில் சி.டி. இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் 'சரியான சி.டி.யைப் போடவும்' என்று ஒரு சின்னப் பெட்டி வந்து நிற்கும், அவ்வளவுதான்.

"ஏன் எடுத்துனு போறீங்க?" என்று கேட்டேன்.

"நாலு பேரு நாலு விதமா பேசுறான். எதுக்கு பேஜாரு? வேணும்னா வேற கேம் வெளையாடிக்கோங்க."

வேறு கேம் இருந்தது. பதினைந்து இருந்தது. எங்களுக்கு அது வேண்டாம். அந்த மலைப்பாதை வேண்டும், வெள்ளிக்கிழமையின் ஒன்றரை மணி நேரம் வேண்டும், பட்டியலின் உச்சியில் துடைக்கப்பட்ட அந்தப் பெயர் திரும்ப வேண்டும். நான் ஒற்றைக் காலில் நின்றேன். பாய்ஜானிடம் பருப்பு வேகவில்லை.

ஷட்டர் வைத்த டி.வி.

எனக்குப் பூட்டு என்றாலே ஆகாது. சின்ன வயதிலிருந்தே அப்படி.

எங்கள் வீட்டு முதல் டி.வி.க்கு மரத்தில் ஷட்டர் உண்டு. இழுத்து மூடினால் அலமாரி மாதிரி இருக்கும். நடுவில் ஒரு பூட்டு. பரீட்சை வந்தால் அப்பா பூட்டிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு ராணிப்பேட்டைக்கு வேலைக்குப் போய்விடுவார். அண்ணனுக்குப் பரீட்சை என்றால் பூட்ட மாட்டார். "அவன் பொறுப்பா இருப்பான்" என்பார்.

நான் ஒரு ஹேர்பின்னை நிமிர்த்தி, இரண்டே நாளில் அதைத் திறக்கக் கற்றுக்கொண்டேன். அப்பா வருவதற்கு முன்னால் திரும்பவும் பூட்டி, மேலே ஈரத்துணி போட்டு டி.வி.யின் சூட்டையும் ஆற்றிவிடுவேன். அந்தப் பரீட்சையில் நல்ல மார்க் வேறு வாங்கினேன். பொறுப்பாக இருந்த அண்ணன் என்ன வாங்கினார் என்பதை இங்கே எழுத வேண்டாம். இந்தப் பத்திரிகை அவர் வீட்டுக்கும் போகிறது.

இல்லாத டிரைவ்

அந்த ஒரு கேமுக்கு மட்டும் பாய்ஜான் ஒரிஜினல் சி.டி. வைத்திருந்தார். ஏன் என்று கேட்பீர்கள். மற்றவையெல்லாம் சென்னை பர்மா பஜாரில் பாய்ஜான் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தவை. இந்தக் கேமின் பஜார் காப்பி மட்டும் ஓடவே இல்லை. மூன்று முறை வாங்கி வந்து மூன்று முறையும் ஏமாந்தார். பையன்களோ அதைத்தான் கேட்டார்கள். கடைசியில் பெரிய கடை ஒன்றில் ஒரிஜினல் வாங்கி வந்து, அதன் அட்டைப் பெட்டியைக் கல்லா மேசையின் கண்ணாடிக்கு அடியில் எல்லோருக்கும் தெரிவது போல வைத்தார். ஒரு சி.டி. என்பதால் ஒரு கம்ப்யூட்டரில்தான் ஓடும். அதற்கு வரிசை நிற்கும்.

அந்த நாளில் கம்ப்யூட்டர் பத்திரிகைகளோடு ஒரு சி.டி. இலவசமாக வரும். அதில் குப்பையும் இருக்கும், பொக்கிஷமும் இருக்கும். ஒரு மாதம் அதில் விர்ச்சுவல் டிரைவ் மென்பொருள் ஒன்று கிடைத்தது.

கம்ப்யூட்டருக்குள் இல்லாத ஒரு சி.டி. டிரைவ் இருப்பதாக அதை நம்பவைக்கும் வேலைதான் அது. முதலில் உண்மையான சி.டி.யை முழுவதும் படித்து ஒரே கோப்பாக ஹார்டு டிஸ்கில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு அந்தக் கோப்பை இல்லாத டிரைவில் 'போட' வேண்டும். நிஜமாகவே யாரோ சி.டி. போட்டது போலக் கம்ப்யூட்டர் பேசத் தொடங்கும்.

அதன் குறிப்பை இரண்டு முறை படித்தேன். பாய்ஜான் சி.டி.யை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகட்டும் என்று நினைத்தேன்.

கடை திறப்பது பத்து மணிக்கு. நான் விடியற்காலை ஃபஜ்ர் தொழுதுவிட்டு, பின்வாசல் வழியாகக் கடைக்குள் போனேன். சி.டி. ஆறாம் நம்பரில் இருந்தது. படிக்கவிட்டேன். கொஞ்ச தூரம் ஓடியது. பிறகு ஓரிடத்தில் 'கர்ர் கர்ர்' என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு நின்றுவிட்டது. படிக்க முடியாத இடம், பிழை என்றது திரை.

பாலிஷ்

கீறல் விழுந்திருக்கிறது என்று முடிவு செய்தேன். செல்விக்கு ஆள் அனுப்பினேன். அவள் மறுநாள் ஷிப்டுக்குப் போகும் வழியில், பொழுது விடிந்த கையோடு வந்து பின்வாசலில் நின்றாள். கையில் ஒரு துண்டு மெல்லிய ஸ்வேட் தோலும், ஒரு மூடியில் கொஞ்சம் வெள்ளைக் களிம்பும்.

தோல் பட்டணத்துக்காரர்களுக்கு எல்லாவற்றுக்கும் இதுதான் மருந்து. தோலில் கீறல் தெரிந்தால் தேய்ப்போம், களிம்பு போடுவோம், மேலே கலர் அடித்து மறைப்போம். கண்ணாடி, கைக்கடிகாரம், சைக்கிள் மணி எதுவானாலும் ஸ்வேட் துண்டை எடுத்துத் தேய்ப்போம். சி.டி.யையும் தேய்த்தோம். செல்வி வட்டமாகத் தேய்த்தாள், நான் நெடுக்காகத் தேய்க்க வேண்டும் என்றேன். கடைசியில் அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம் போல ஆகிவிட்டது.

திரும்பப் படிக்கவிட்டேன். அதே இடத்தில் அதே 'கர்ர்'.

"எவ்ளோ தேச்சோம்! அந்தப் பிழை போவவே இல்ல" என்றாள் செல்வி.

அப்போதுதான் அந்த மென்பொருளில் ஒரு வசதியைப் பார்த்தேன். பிழை வந்தால் அதைத் தாண்டிவிட்டு, அந்த இடத்தைச் சுத்தமாக நிரப்பிக்கொள்ளலாம். தோலில் ஓட்டையை அடைத்துக் கலர் அடிப்பது மாதிரிதானே! சந்தோஷமாக அதை டிக் செய்தேன். பத்து மணிக்குள் கோப்பு தயார். பிழை ஒன்றுகூட இல்லை. பார்க்கவே அவ்வளவு அழகு.

வெள்ளிக்கிழமை வந்தது. பாய்ஜான் ஜேப்பைத் தட்டிவிட்டுக் கிளம்பினார். நாங்கள் இல்லாத டிரைவில் எங்கள் அழகான சி.டி.யைப் போட்டோம். கேமைத் திறந்தோம்.

'சரியான சி.டி.யைப் போடவும்.'

மறுபடி திறந்தோம். மறுபடியும் அதே பெட்டி. ஒன்றரை மணி நேரமும் அது எங்களுக்குத் தண்ணி காட்டியது. இரண்டு மணிக்குப் பாய்ஜான் வந்தபோது இரண்டு பேரும் பேயறைந்தது போல உட்கார்ந்திருந்தோம். எதற்கு என்று அவருக்குத் தெரியாது. பிரியாணிப் பொட்டலம் கொடுத்தார். செல்வி வேண்டாம் என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அவள் எதையும் வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்தது அன்றுதான், அதுவும் கத்தரிக்காய்ப் பச்சடியோடு இருந்த பிரியாணியை. 

மேஸ்திரி மோந்து பார்ப்பார்

அடுத்த வெள்ளிக்கிழமை செல்வி வந்தாள். வேலையைப் பற்றிப் புலம்பினாள். அவளைச் சில நாட்களாக செலக்ஷனில் போட்டிருந்தார்கள். தோலை வெளிச்சத்தில் விரித்து, தரம் பார்த்துப் பிரிக்கும் இடம் அது. முள் கீறியது, உண்ணி கடித்தது, மாட்டுக்குச் சூடு போட்ட தழும்பு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சாக்பீஸில் குறி போட வேண்டும்.

"கோளாறே இல்லாத தோலு வந்தா உனக்கு வேலை கம்மி, இல்ல?" என்று கேட்டேன்.

"அப்படி வந்தா இன்னும் ஜாஸ்திடி. மேஸ்திரி மோந்து பாப்பாரு, சொரண்டிப் பாப்பாரு. ஒரு தழும்புகூட இல்லன்னா அது தோலே இல்ல, ரெக்ஸினுன்னுவாரு. மாடுன்னா முள்ளு கீறாதா? உண்ணி கடிக்காதா?"

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

அந்தப் பிழைகள் தேய்த்தும் போகவில்லை. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வந்தன. கீறலாக இருந்தால் அவ்வளவு தேய்த்த பிறகு இடம் கொஞ்சமாவது மாறியிருக்காதா? அவை கீறலே இல்லை. கேம் செய்தவர்களே வேண்டுமென்று வைத்த தழும்புகள். மாட்டுக்காரர் தன் மாட்டுக்குச் சூடு போடுவது போல. கேம் தேடியதே அந்தத் தழும்புகளைத்தான். நாங்களோ அதையெல்லாம் துடைத்து, அடைத்து, முதல் தர ரெக்ஸின் ஒன்றைத் தயாரித்து அதன் முன்னால் நீட்டியிருக்கிறோம்.

உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரர்களும் அந்தத் தப்பை அவ்வளவு சிரத்தையாகச் செய்திருக்க மாட்டார்கள்.

மறுநாள் விடியற்காலை திரும்பவும் படிக்கவிட்டேன். இந்த முறை ஆகக் குறைந்த வேகத்தில். பிழை வந்தால் பிழையாகவே எழுது என்று வைத்தேன். ஒவ்வொரு 'கர்ர்' சத்தத்துக்கும் பல்லைக் கடித்துக்கொண்டேன். கடை திறக்கும் நேரம் நெருங்கியது. உள்ளே அம்மா பாய்ஜானுக்கு டீ ஆற்றும் சத்தம் கேட்டபோது, கடைசித் தழும்பும் வந்து சேர்ந்தது.

பெயரை மாற்றிக்கொண்ட டிரைவ்

இதோடு முடிந்தது என்று நினைத்தால், அந்த கேம் இன்னொரு முட்டுக்கட்டை வைத்திருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை 'சரியான சி.டி.யைப் போடவும்' வரவில்லை. புதிதாக ஒன்று வந்தது. 'இந்தக் கம்ப்யூட்டரில் விர்ச்சுவல் டிரைவ் இருக்கிறது. அதை நீக்கிவிட்டு வரவும்.'

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சி.டி. சரியாக இருக்கிறது, தழும்பெல்லாம் இருக்கிறது. ஆனால் உட்கார்ந்திருப்பது யார் என்று பார்த்து வெளியே போகச் சொல்கிறது. அந்தக் குரலை நான் வேறு பல இடங்களிலும் கேட்டிருக்கிறேன்.

"இன்னா சொல்லுது?" என்றாள் செல்வி.

"நாம இங்க உக்காரக் கூடாதாம்."

"அதையும் பாத்துரலாம்" என்றாள்.

அந்த இல்லாத டிரைவ், கம்ப்யூட்டருக்குத் தன் பெயரை அப்பாவியாக அப்படியே சொல்லிக்கொண்டிருந்தது. கேமிடம் இப்படிப்பட்ட பொய் டிரைவ்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று இருந்தது. சும்மா இருக்குமா? பத்திரிகை சி.டி.க்களை எல்லாம் கிளறி, டிரைவின் பெயரை மாற்றும் ஒரு குட்டி மென்பொருளைக் கண்டுபிடித்தேன். சாதாரணக் கடையில் விற்கும் சாதாரண டிரைவின் பெயரை அதற்குச் சூட்டினேன். இரண்டு முறை திரை நீலமாகிக் கம்ப்யூட்டர் செத்துப் பிழைத்தது. இரண்டு முறையும் பாய்ஜானுக்குத் தெரிவதற்குள் சரி செய்தேன்.

ரெண்டு மணி

அதற்கடுத்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். பன்னிரண்டு இருபது. டிரைவ் வாயைத் திறந்தது, சி.டி. ஜேப்பில் இறங்கியது, ஜேப்பு தட்டப்பட்டது, ஷட்டர் பாதி இறங்கியது.

நான் கேமைத் திறந்தேன். சின்னப் பெட்டி வரவில்லை. மலைப்பாதை வந்தது.

செல்வி கத்தவில்லை, குதிக்கவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். நேரம் போனதே தெரியவில்லை. ஷட்டர் தூக்கும் சத்தம் கேட்டபோது அவள் கடைசி வளைவில் இருந்தாள். பாய்ஜான் உள்ளே வந்தார், பின்னால் வழக்கமான பையன்கள் மூன்று பேர். நான்கு பேரும் திரையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்கள். செல்வி திரும்பவே இல்லை. வளைவை முடித்தாள். பட்டியல் வந்தது. முதலிடத்தில் நிதானமாகத் தன் பெயரை அடித்தாள்.

பாய்ஜான் கை தானாக ஜேப்புக்குப் போனது. சி.டி.யை எடுத்தார். அதைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி அதைப் பார்த்தார்.

"இது என்கிட்ட இருக்குதே. அது எப்படி ஓடுது?"

"உங்களுது உங்ககிட்டயே இருக்கட்டும் பாய்ஜான். பத்திரமா வெச்சுக்கோங்க."

"காப்பியா? இது திருட்டு, ஷாஹிதா."

"பர்மா பஜார்ல இருந்து பதினஞ்சு கேம் கொண்டாந்தீங்களே, அதுக்கு இன்னா பேரு? இந்தக் கடையிலயே ஒழுங்கா வாங்கினது இது ஒண்ணுதான். அதுல இருந்து எடுத்தது திருட்டா?"

பையன்களில் ஒருவன் சிரித்துவிட்டான். பாய்ஜான் அவர்களை வெளியே நிற்கச் சொன்னார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோபம் இறங்கி, முகத்தில் வேறு ஏதோ ஏறுவதைப் பார்த்தேன். என் அண்ணன் வியாபாரி.

குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்: "இதையே ஆறுலயும் போட முடியுமா?"

"முடியும்."

"அப்ப போட்டுக் குடு. இப்பவே."

"போட மாட்டேன்."

"இன்னா?"

"நீங்க வாங்கினது ஒரு சி.டி. ஒரு நேரத்துல ஒண்ணுதான் ஓடணும். நீங்க எடுத்துனு போற ஒன்றரை மணி நேரம் உங்களுது ஜேப்புல சும்மா கெடக்குது. அந்த நேரத்துல மட்டும் என்னுது ஓடும். திரும்பி வந்து நீங்க டிரைவ்ல போட்டா நான் நிறுத்திருவேன். இதுல திருட்டு எங்க இருக்குன்னு சொல்லுங்க."

"நான் அதை அழிச்சுட்டேன்னா?"

"அழிங்க. திரும்ப எடுப்பேன். எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது."

 அதோடு நான் நிறுத்தவில்லை. அன்று நிறுத்தியிருந்தால் பிறகு எதையுமே கேட்டிருக்க மாட்டேன்.

"இன்னொண்ணு. செல்வி பேரை யாரும் தொடக் கூடாது. வேணும்னா ஓட்டி ஜெயிச்சு எடுக்கட்டும்."

 பாய்ஜான் சி.டி.யைத் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது ஏன் இப்படிப் பளபளன்னு இருக்குது?" என்று மட்டும் கேட்டார். செல்வி குனிந்துகொண்டாள்.

இன்னொரு ஜேப்பு

அதற்குப் பிறகும் பாய்ஜான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சி.டி.யை ஜேப்பில் போட்டுக்கொண்டுதான் போனார். வீம்பு. எனக்கு அது வசதியாகப் போயிற்று. அவர் எடுத்துக்கொண்டு போனால்தானே என் கணக்கு நேராகும்! மெதுவாக வேறு பெண்களும் வந்தார்கள். பக்கத்துத் தெருப் பெண்கள், செல்வியோடு வேலை செய்பவர்கள். செருப்பை வெளியே விட்டால் தெரியும் என்று கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வருவார்கள். கொஞ்ச நாளில் வெளியிலேயே விட்டார்கள்.

நான் பிறகு ஒரு ஷூ கம்பெனியில் டிசைன் பிரிவில் சேர்ந்தேன். அங்கே பேட்டர்ன் போடும் மென்பொருளுக்கு ஒரு சின்னச் சாவிக்கட்டை உண்டு. கம்ப்யூட்டருக்குப் பின்னால் செருகினால்தான் ஓடும். மேனேஜர் அதை தினமும் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போவார். அவருக்குக் காய்ச்சல் வந்தால் எட்டுப் பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். முதல் நாளே அந்தப் பையைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். அவர் ஏன் என்று கேட்டார். சொல்லவில்லை. அந்தச் சண்டை தனிக் கதை.

போன மாதம்

இப்போது நான் வேலூரில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். வெள்ளிக்கிழமை மதியம் எனக்கு வகுப்பு வைக்க மாட்டார்கள். அதற்கும் ஒரு முறை சண்டை போட்டிருக்கிறேன். செல்வி ராணிப்பேட்டையில் செலக்ஷன் சூப்பர்வைசர். ஷிப்டு ஒத்துவரும் வெள்ளிக்கிழமைகளில் என் வீட்டுக்கு வருவாள். இந்த ஒரு கேமுக்காகவே ஒரு பழைய கம்ப்யூட்டரை உயிரோடு வைத்திருக்கிறேன். பட்டியலையும் அப்படியே கொண்டுவந்து வைத்திருக்கிறேன்.

பாய்ஜானின் கேம் சென்டர் இப்போது ஆன்லைன் விண்ணப்பமும் ஜெராக்ஸும் போடும் கடை. போன மாதம் போன் செய்தார்.

"ஷாஹிதா, அந்தக் கார் கேம் சி.டி. மேசைல கெடைச்சுது. ஒரு ஆசைக்குப் போட்டுப் பாக்கலாம்னா, புது சிஸ்டத்துல சி.டி. போட வாயே இல்ல. தனியா ஒரு டிரைவ் வாங்கி மாட்டினேன். சுத்துது, ஓட மாட்டேங்குது. சரியான சி.டி. போடுன்னு என்கிட்டயே சொல்லுது! காசு குடுத்து வாங்கினவன் நானு!"

"ஆமா பாய்ஜான். அந்தப் பழைய பூட்டைப் புது சிஸ்டம் உள்ளயே விடறதில்ல. இனிமே ஓடாது."

சி.டி.யைத் திரும்ப உறையில் போடும் சத்தம் கேட்டது.

"உன்னுது இன்னும் இருக்குதா?"

"இருக்கு. ஓடுது."

"அந்தப் பொண்ணு பேரு?"

"அதே எடத்துல."

"அப்ப நான் வர்றேன். ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துர்றேன்."

"தாராளமா வாங்க" என்றேன். "வெள்ளிக்கிழமை பன்னண்டரைல இருந்து ரெண்டு வரைக்கும் ஓடும்."

"அன்னிக்கு ஜும்மா ஆச்சே!"

"ஆமா பாய்ஜான். போகும்போது மறக்காம சி.டி.யை ஜேப்புல போட்டுனு போங்க."